ஐசியூவை விட்டுப் போக மனமில்லாத நர்ஸுக்கு: எம்.எஸ்சியா, என்.பி.சி.சியா?

பி.எஸ்சி நர்சிங் முடித்து ஒன்றிரண்டு வருடம் ஐசியூ டியூட்டி பார்த்தவருக்கு மேற்படிப்பு என்றதும் மூன்று வழிகள் தெரியும்: இரண்டு வருட எம்.எஸ்சி நர்சிங், இரண்டு வருட 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர்' (உயிராபத்தான நிலையில் உள்ளவர்களைக் கவனிக்கும் தீவிர சிகிச்சைக்கான முதுகலை) எனும் என்.பி.சி.சி, ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ. நான் தேர்ந்தெடுத்தது என்.பி.சி.சி. அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும். அந்தச் சாய்வுக்குக் காரணம் என்ன, எந்த இடத்தில் அது செல்லாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

டிப்ளமோவைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஒரே வருடம். பட்டமில்லாத நர்சிங் டிப்ளமோவான ஜி.என்.எம் படித்தவர்களும் சேரலாம். கிரிட்டிகல் கேர், நியோநேட்டல் (பச்சிளங்குழந்தை), ஆன்காலஜி (புற்றுநோய்), ஆபரேஷன் ரூம், ரீனல் (சிறுநீரகம்) என்று பிரிவுகள் நிறைய, வேலூர் சி.எம்.சி போன்ற இடங்கள் இந்தப் படிப்புகளை நெடுங்காலமாக நடத்துகின்றன. கைத்திறன் மட்டும் கூடினால் போதும், முதுகலைப் பட்டம் வேண்டாம் என்பவருக்கு இதைவிட நேர்மையான படிப்பு கிடையாது. ஆனால் இது முதுகலை ஆகாது. பேராசிரியர் வேலைக்கோ பிஎச்டிக்கோ இதைக் காட்ட முடியாது.

மீதி இரண்டுக்கும் நுழைவுத் தகுதி ஏறத்தாழ ஒன்றுதான்: பி.எஸ்சியில் 55 சதவீதம், மாநில நர்சிங் கவுன்சில் பதிவு, ஒரு வருட அனுபவம். என்.பி.சி.சிக்கு அந்த அனுபவம் கிரிட்டிகல் கேரில் இருந்தால் நல்லது. படிப்புக் காலமும் ஒன்றே. படிப்பின் வயதைப் பார்த்தால் எம்.எஸ்சிதான் மூத்தது. டெல்லி ராஜ்குமாரி அம்ரித் கௌர் கல்லூரியில் 1959-லேயே முதுகலை தொடங்கிவிட்டது. என்.பி.சி.சி இந்திய நர்சிங் கவுன்சில் 2017 வாக்கில் கொண்டுவந்த படிப்பு. இந்த வயது வித்தியாசம் பின்னால் வேலை தேடும்போது பேசும்.

எம்.எஸ்சியை வெறும் தியரி படிப்பு என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். அது தவறு. கவுன்சிலின் பாடத்திட்டத்தில் முதல் வருடம் கிளினிக்கல் ஸ்பெஷாலிட்டிக்கு 650 மணி நேரம், இரண்டாம் வருடம் 950 மணி நேரம் செய்முறை இருக்கிறது. மெடிக்கல் சர்ஜிக்கல் எடுத்தால் இரண்டாம் வருடம் கிரிட்டிகல் கேரையே உட்பிரிவாக எடுக்கலாம். காகிதத்தில் 1,600 மணி நேரம் சின்ன எண் இல்லை. அப்படியானால் என்.பி.சி.சி எங்கே மேலே நிற்கிறது? அந்த மணி நேரங்களில் நோயாளிக்குப் பொறுப்பு யார் என்பதில்தான். மொத்த முடிவும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருப்பதால் இதை நின்று நிதானமாகப் பார்க்கிறேன்.

எம்.எஸ்சி மாணவி ஐசியூவுக்குள் மாணவியாகவே போகிறார். டியூட்டி பட்டியலில் அவர் பெயர் இருக்காது. ஒரு நோயாளியை எடுத்து ஹிஸ்டரி, பரிசோதனை, கேர் பிளான், கேஸ் ஸ்டடி எல்லாம் எழுதுவார். போஸ்டிங் முடிந்ததும் அடுத்த வார்டுக்கு மாறுவார். இரவு இரண்டு மணிக்கு அந்த நோயாளியின் பிரஷர் இறங்கினால் ஓடுவது ஸ்டாஃப் நர்ஸ்தான். என்.பி.சி.சி ரெசிடென்சி முறையில், அதாவது வார்டில் டியூட்டி பார்த்துக்கொண்டே படிக்கும் முறையில் நடப்பது. 20 சதவீதம் தியரி, 80 சதவீதம் கிளினிக்கல். ஷிஃப்ட் உண்டு, நைட் உண்டு, ரவுண்ட்ஸில் கேஸ் பிரசன்ட் பண்ண வேண்டும், ஒவ்வொரு செய்முறைக்கும் லாக் புக்கில் ப்ரிசெப்டர், அதாவது கூடவே இருந்து கற்றுத்தருபவர், கையெழுத்து வேண்டும். ப்ரிசெப்டராக நர்சிங் ஆசிரியரும் இருப்பார், இன்டென்சிவிஸ்ட், அதாவது தீவிர சிகிச்சை டாக்டரும் இருப்பார்.

இந்தப் பொறுப்பு கையில் என்ன மாற்றத்தைக் கொண்டுவரும் என்பதற்கு வென்டிலேட்டரையே எடுத்துக்கொள்வோம். 160 சென்டிமீட்டர் உயரம், 80 கிலோ எடை உள்ள பெண், ஏ.ஆர்.டி.எஸ் எனும் கடும் நுரையீரல் பாதிப்பு. டைடல் வால்யூம், அதாவது ஒரு மூச்சுக்கு வென்டிலேட்டர் தரும் காற்று, கிலோவுக்கு 6 மில்லி என்பது எல்லோருக்கும் மனப்பாடம். எந்தக் கிலோ என்பதில்தான் தப்பு நடக்கிறது. படுக்கையில் காட்டும் எடையை வைத்தால் 480 மில்லி வரும். கணக்கில் வர வேண்டியது உயரத்திலிருந்து எடுக்கும் எடை: பெண்களுக்கு 45.5 உடன், உயரத்தில் 152.4 கழித்து 0.91-ஆல் பெருக்கியதைக் கூட்ட வேண்டும். ஏறத்தாழ 52.4 கிலோ; ஆக 314 மில்லி. நுரையீரலின் அளவு உயரத்தைப் பொறுத்தது, உடல் பருமனைப் பொறுத்தது அல்ல. 480 கொடுத்தால் பிளாட்டோ பிரஷர் (மூச்சு உள்ளே போனதும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்) 30-ஐத் தாண்டக்கூடும், ஏற்கெனவே கெட்ட நுரையீரல் இன்னும் கெடும். எம்.எஸ்சி மாணவி இந்தச் சூத்திரத்தைத் தேர்வில் எழுதிவிடுவார். ரெசிடென்சியில் இருப்பவர் ஒவ்வொரு அட்மிஷனுக்கும் டேப் வைத்து உயரம் அளந்து சார்ட்டில் குறிப்பார், ஏனென்றால் காலை ரவுண்ட்ஸில் அந்த எண்ணைக் கேட்பார்கள்.

இன்னொன்று, பிரஷரை ஏற்றும் மருந்தான நோராட்ரெனலின். 50 மில்லி சிரிஞ்சில் 4 மில்லிகிராம் என்றால் ஒரு மில்லியில் 80 மைக்ரோகிராம். 60 கிலோ நோயாளிக்கு கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் வேண்டுமென்றால் பம்ப் மணிக்கு 4.5 மில்லியில் ஓட வேண்டும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒருவர் டபுள் ஸ்ட்ரெங்த், அதாவது 8 மில்லிகிராம் கலந்து சிரிஞ்சை மாற்றுகிறார். பம்ப் அதே 4.5-இல் ஓடுகிறது. டோஸ் இரண்டு மடங்கு, பிரஷர் எகிறும். இதற்கு நேர்மாறாக, பழைய சிரிஞ்ச் காலியாகி புதியதைப் பொருத்தும் அந்த இடைவெளியில் பிரஷர் சட்டென விழும். அதனால்தான் இரண்டாவது பம்பைத் தயாராக ஓடவிட்டு, பிறகு பழையதை நிறுத்துகிறோம். இதைப் புத்தகத்திலும் படிக்கலாம்தான். ஆனால் நம் நோயாளி, நம் சார்ட், நம் கையெழுத்து என்று இரண்டு வருடம் பழகிய பிறகு, சிரிஞ்ச் லேபிளைப் படிக்காமல் பம்பைத் தொட முடியாத பழக்கம் வந்துவிடும். நான் என்.பி.சி.சி பக்கம் நிற்பது இதற்காகத்தான்.

தியரியும் அதே திசையில்தான் இருக்கிறது. அட்வான்ஸ்டு பேத்தோஃபிசியாலஜி (நோய் உடலை மாற்றும் விதம்), அட்வான்ஸ்டு ஃபார்மகாலஜி (மருந்தியல்), அட்வான்ஸ்டு ஹெல்த் அசெஸ்மென்ட், பிறகு கிரிட்டிகல் கேர் ஒன்று, இரண்டு. எம்.எஸ்சியில் முதல் வருடத்தின் கணிசமான நேரம் நர்சிங் எஜுகேஷனுக்கும் ரிசர்ச்சுக்கும் போய்விடும். இரண்டாம் வருடத்தை மேனேஜ்மென்ட்டும் டிசர்டேஷன் எனும் ஆய்வேடும் பங்குபோடும். டிசர்டேஷன் என்.பி.சி.சியிலும் உண்டு. ஆனால் எம்.எஸ்சியில் அது விழுங்கும் காலம் வேறு: தலைப்பு அனுமதி, எத்திக்ஸ் கமிட்டி, டூலை, அதாவது கேள்வித்தாளை, நிபுணர்களிடம் அனுப்பி அது சரியானதா என்று வேலிடிட்டி வாங்குவது, பைலட் ஸ்டடி எனும் முன்னோட்ட ஆய்வு, சாம்பிள் சேகரிப்பு, புள்ளியியல் ஆளிடம் அலைவது. கடைசியில் பலருடைய தலைப்பு "கட்டமைக்கப்பட்ட கற்பித்தலால் அறிவு கூடியதா" என்பதில் வந்து நிற்கிறது. பாடம் நடத்திவிட்டு அதே கேள்வித்தாளை மறுபடி கொடுத்தால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். படுக்கையருகே கேட்கத்தக்க கேள்விகள் எவ்வளவோ இருக்கும்போது இவ்வளவு உழைப்பு இதில் போவது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இனி மறுபக்கம். ஆசிரியப் பணிதான் உங்கள் ஆசை என்றால் யோசிக்கவே வேண்டாம், எம்.எஸ்சி எடுங்கள். கல்லூரி வேலைக்கான தகுதி விதிகள் அதை வைத்தே எழுதப்பட்டவை. உதவிப் பேராசிரியரிலிருந்து மேலே ஏறும் படிகள் எல்லாம் முதுகலைக்குப் பிந்தைய அனுபவத்தைக் கணக்கிடுகின்றன. கார்ப்பரேட் மருத்துவமனைகளில் நர்ஸ் எஜுகேட்டர் பதவிக்கும் விளம்பரங்களில் பெரும்பாலும் எம்.எஸ்சி என்றே போடுகிறார்கள். என்.பி.சி.சி முடித்தவர் பிஎச்டிக்கோ ஆசிரியப் பணிக்கோ போக நினைத்தால், அந்தப் பல்கலைக்கழகமும் கல்லூரியும் இந்தப் படிப்பை ஏற்கின்றனவா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தை போதாது.

அரசு வேலை பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி) மூலம் எடுக்கும் நர்ஸ் பணிக்கும், எய்ம்ஸ் தன் நர்ஸ் பணிகளுக்கு நடத்தும் நார்செட் தேர்வுக்கும் கேட்பது ஜி.என்.எம் டிப்ளமோ அல்லது பி.எஸ்சிதான். அதற்காக மட்டும் இந்த இரண்டில் எதையும் படிக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு வருடத்தைத் தேர்வுக்குத் தயாராவதில் செலவிடுவதே புத்தி.

வெளிநாட்டுக் கணக்கில் அடிக்கடி ஒரு குழப்பம் வருகிறது. இந்திய என்.பி.சி.சி முடித்தால் அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிவிடலாம் என்று சில ஏஜென்ட்கள் சொல்கிறார்கள். முடியாது. அங்கே அந்த உரிமத்துக்கு அந்நாட்டு அங்கீகாரம் பெற்ற முதுகலையோ டி.என்.பி எனும் நர்சிங் முனைவர் படிப்போ முடித்து, தேசியச் சான்றிதழ்த் தேர்வும் எழுத வேண்டும். நீங்கள் போவது ஆர்.என் (பதிவு பெற்ற நர்ஸ்) ஆகத்தான், அதற்கான என்.சி.எல்.இ.எக்ஸ் உரிமத் தேர்வை எழுதித்தான். இருந்தாலும் ஐசியூ ஆள் எடுப்பவர்கள் சமீபத்திய படுக்கையருகு அனுபவத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். ரெசிடென்சி வருடங்களை டியூட்டி சான்றிதழோடு காட்ட முடிந்தால் அது கைகொடுக்கும். எம்.எஸ்சியின் இரண்டு வருடத்தை இடைவெளியாகக் கணக்கிடும் இடங்களும் உண்டு.

என்.பி.சி.சியின் உண்மையான பலவீனம் முடித்த பிறகு தெரியவரும். நர்ஸ் பிராக்டிஷனருக்குத் தனியாக மருந்து எழுதும் உரிமை இந்தியாவில் இல்லை. மருத்துவமனை எழுதிவைத்த நெறிமுறைக்கும் ஸ்டாண்டிங் ஆர்டருக்கும் (டாக்டர்கள் முன்கூட்டியே எழுதித் தந்த உத்தரவு) உட்பட்டுத்தான் வேலை. இன்சுலின் இன்ஃப்யூஷனைக் கூட்டுவது குறைப்பது, வென்டிலேட்டரிலிருந்து மெல்ல விடுவிப்பது (வீன் பண்ணுவது), ஏ.பி.ஜி எனும் ரத்த வாயுப் பரிசோதனை எடுக்கச் சொல்வது எல்லாமே அந்த நெறிமுறையில் இருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் செய்யக் கூடாது. நெறிமுறையே எழுதாத மருத்துவமனையில் சேர்ந்தால், கற்றது கையில் இருக்கும், செய்ய அனுமதி இருக்காது. பழைய ஸ்டாஃப் நர்ஸ் பதவி, பழைய சம்பளம். 1947-ஆம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி கமிஷன் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் சட்டம் மாறியதால் வார்டில் அதிகாரம் தானாக வந்துவிடாது. முடித்தவர்கள் இன்னும் குறைவு என்பதால், பதினைந்து வருட சர்வீஸில் இந்தப் பட்டம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று சொல்ல முன்னுதாரணங்களும் போதவில்லை.

ஆகவே சேரும் முன் கல்லூரியைவிட மருத்துவமனையைத்தான் விசாரிக்க வேண்டும். ஐசியூவில் முழுநேர இன்டென்சிவிஸ்ட் இருக்கிறாரா, அல்லது ஒவ்வொரு பிரிவு டாக்டரும் வந்து பார்த்துவிட்டுப் போகிறாரா? இரண்டாவது என்றால் மருத்துவ ப்ரிசெப்டர் காகிதத்தில் மட்டும்தான் இருப்பார். முந்தைய பேட்ச் மாணவி ஒருவரின் லாக் புக்கைக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்துகள் ஒரே பேனாவில், ஒரே தேதியில் வரிசையாக இருந்தால் அங்கே கற்பித்தல் நடக்கவில்லை. தியரி வகுப்பு எந்தக் கிழமை, எந்த நேரம் என்று கேளுங்கள். "டியூட்டி இல்லாதப்போ நடக்கும்" என்று பதில் வந்தால், ஆள் பற்றாக்குறையை நிரப்ப உங்களை எடுக்கிறார்கள் என்று பொருள். மாதம் எவ்வளவு சம்பளம், முடித்த பின் அங்கேயே கட்டாயம் வேலை செய்ய வேண்டும் என்ற பாண்ட் உண்டா, எந்தப் பதவிப் பெயரில் எடுப்பார்கள் என்பதையும் சேர்க்கைக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இத்தனைக்கும் சரியான பதில் கிடைக்காத ஊரில் நீங்கள் இருந்தால், மெடிக்கல் சர்ஜிக்கல் எம்.எஸ்சியில் கிரிட்டிகல் கேர் உட்பிரிவு எடுத்து, படிப்பு முடிந்ததும் நேராக ஐசியூவுக்கே திரும்புவது மோசமான என்.பி.சி.சியைவிட நல்லது.

எதை எடுத்தாலும் இரண்டு வேலைகளைத் தள்ளிப்போடாதீர்கள். பி.எல்.எஸ், ஏ.சி.எல்.எஸ் எனும் அவசர உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ்கள் இரண்டு வருடத்தில் காலாவதியாகும். படிப்பின் நடுவே தேதி முடிகிறதா என்று முதல் மாதமே பாருங்கள். படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சிலில் கூடுதல் தகுதியாக அதைப் பதிவு செய்துவிடுங்கள். பட்டச் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று விட்டுவிட்டு, வெளிநாட்டு வெரிஃபிகேஷன் வரும்போது அதற்காக வாரக்கணக்கில் அலைபவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் இருக்கிறார்கள்.