டிகிரி குறி: ஒரே மாதிரித் தெரியும் நான்கில் எது சரி?

வெப்பநிலைப் பட்டியல் ஒன்றில் டிகிரி குறிகளை மொத்தமாகத் தேடி மாற்றப் பார்த்தேன், பாதிதான் மாறியது. மாறாமல் நின்றதும் கண்ணுக்கு அதே குட்டி வட்டம்தான், ஆனால் கணினிக்கு அது வேறு எழுத்து. அதற்கப்புறம் இந்த வட்டத்தைக் கண்ணால் பார்த்து நம்புவதை விட்டுவிட்டேன்.

போட்டியில் நான்கு பேர். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோடில் 176-ஆம் எண்ணில் இருக்கும் ° தான் அசல் டிகிரி குறி. 186-இல் இருப்பது º, ஸ்பானிஷ், போர்ச்சுகீசிய மொழிகளில் ‘முதலாவது’, ‘இரண்டாவது’ என்று எழுத எண்ணின் பக்கத்தில் உயர்த்திப் போடும் சின்ன ‘ஓ’. 730-இல் இருப்பது ˚, எழுத்தின் தலையில் உட்கார வேண்டிய வளையம் தனியாக நிற்கிறது. 8451-இல் ℃, வட்டமும் செல்சியஸ் எழுத்தும் ஒட்டிப் பிறந்தது.

இவற்றில் ஆபத்தானது º தான். ஸ்பெயின் விசைப்பலகையில் இதற்குத் தனி விசையே இருக்கிறது, அதனால் டிகிரிக்கும் இதையே தட்டிவிடுவது எளிது. சில எழுத்துருக்களில் அடியில் கோடு வரும், அப்போதாவது பிடித்துவிடலாம். கோடில்லாத எழுத்துருவில் வித்தியாசமே தெரியாது. தேடலுக்காக எழுத்துகளைச் சீராக்கும் மென்பொருள் சில நேரம் இதைச் சாதாரண ‘ஓ’ எழுத்தாக மாற்றிவிடும், 30º என்று எழுதியது 300 போலத் தெரிய ஆரம்பிக்கும். வெப்பநிலையில் இது சின்னத் தவறா?

℃ அவ்வளவு மோசமில்லை. சீராக்கினால் ஒழுங்காக வட்டமாகவும் எழுத்தாகவும் பிரிந்துவிடும். ஆனாலும் எல்லா எழுத்துருவிலும் இது இருக்காது, இல்லாவிட்டால் வெறும் பெட்டிதான் தெரியும். யூனிகோடு தரப்பே தனித்தனியாக எழுதச் சொல்கிறது, நானும் அதைத்தான் சொல்வேன். ˚ டிகிரிக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, தட்டுவது எப்படி? விண்டோஸில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு வலப்பக்க எண் பலகையில் 0176. முதலில் உள்ள பூஜ்யத்தை மறந்து 176 என்று தட்டினால் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் புள்ளிப் பெட்டி ஒன்று வந்து நிற்கும், ஏனென்றால் பூஜ்யம் இல்லாத எண்கள் அந்தப் பழைய பட்டியலிலிருந்து எடுக்கப்படுகின்றன, அங்கே டிகிரியின் எண் 248. எண் பலகை இல்லாத மடிக்கணினியில் இந்த வழி பெரிய தொல்லை. விண்டோஸ் விசையோடு முற்றுப்புள்ளியை அழுத்தினால் திறக்கும் பலகையில் தேடி எடுப்பது மேல். மேக்கில் ஆப்ஷன், ஷிஃப்ட், 8. கவனம், ஆப்ஷனோடு கே அழுத்தினால் ˚ வரும், ஆப்ஷனோடு 0 அழுத்தினால் º வரும், குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். லினக்ஸில் கம்போஸ் விசையை (இரண்டு எழுத்துகளை ஒன்றாக்கித் தரும் விசை) அழுத்திவிட்டு இரண்டு முறை ‘ஓ’, எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான், வட்டத்துக்கு இரண்டு வட்டம், மறக்கவே மறக்காது. ஐபோனில் பூஜ்யத்தை அழுத்திப் பிடித்தால் போதும்.

சரியான குறியைத் தட்டியும் சில நேரம் அதன் முன்னால் தொப்பி போட்ட ‘ஏ’ எழுத்து ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். அது உங்கள் தவறல்ல. கோப்பில் எழுத்துகளை எண்களாகச் (பைட்டுகளாக) சேமிக்கும் முறைகள் பல, அவற்றில் புதிதான யுடிஎஃப்-8 முறையில் இந்தக் குறி 194, 176 என்று இரண்டு பைட். பழைய லத்தீன்-1 முறையில் 176 மட்டும், ஒரே பைட். புது முறையில் சேமித்த கோப்பைப் பழைய முறையில் திறந்தால் 194 தனி எழுத்தாகத் தெரிகிறது. குறியை அழித்து அழித்துத் தட்டாமல், கோப்பைத் திறக்கும்போது யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள்.

வெப்பநிலையின் இன்னொரு அலகான கெல்வினுக்கு இந்தத் தலைவலியே இல்லை, 1967-இல் அதிலிருந்து டிகிரியை எடுத்துவிட்டார்கள்.

ஏற்கெனவே கலந்துபோன பட்டியல் இருந்தால், சந்தேகமான வட்டத்தை மட்டும் ஒரு கட்டத்தில் ஒட்டி, எக்செலில் உள்ள யூனிகோட் (UNICODE) ஃபார்முலாவைப் போட்டுப் பாருங்கள். 176 வந்தால் விட்டுவிடலாம். 186 அல்லது 730 வந்தால் அந்த வட்டத்தையே நகலெடுத்து, தேடும் பெட்டியில் ஒட்டி, மொத்தமாக ° ஆக மாற்றிவிடுங்கள்.