எஸ்பிளனேட் கான்செர்ட் ஹால்ல வீணை கேட்டேன், அவ்ளோ நல்லா இருந்துச்சு

சிங்கப்பூர்ல எஸ்பிளனேட், அதான் டுரியான் பழம் மாதிரி இருக்குற கலையரங்கக் கட்டடம்னா தெரியாதவங்க இல்ல, ஆனா உள்ள இருக்குற கான்செர்ட் ஹால்ல உக்காந்து கேட்ட நம்மாளுங்க கம்மின்னு நினைக்கிறேன். நான் ரெண்டு தடவை போயிருக்கேன். மொத தடவை ஆர்கெஸ்ட்ரா, அடுத்தது அங்க நடக்குற கலா உத்சவம்ங்கிற இந்தியக் கலை விழா சமயத்துல ஒரு வீணைக் கச்சேரி. ரெண்டும் ஒரே ஹால்தானான்னு சந்தேகமே வந்துருச்சு.

ஆர்கெஸ்ட்ரா அன்னைக்கு வாசிச்சு நிறுத்தின அப்புறமும் சத்தம் கூரைப் பக்கம் நின்னு மெதுவா அடங்குச்சு, வயலின், செல்லோவுக்கெல்லாம் அது அவ்ளோ அழகு. சத்தம் அப்படி நீண்டு நிக்கிற அதே கார்வை மிருதங்கத்துக்கு ஆகாது, வேகமா வாசிக்கும்போது ஒரு சொல் (தா, தி மாதிரி ஒரு தட்டு) அடங்குறதுக்குள்ள அடுத்தது வந்து மேல விழுந்து எல்லாம் குழம்பிடும். எங்க வீட்டு அரங்கேற்றத்துக்கு எடுத்த ஹால்ல (பேர் வேணாம்) இதான் நடந்துச்சு, சுத்தி டைல்ஸும் கண்ணாடியும், மிருதங்கம் தனியா வாசிக்கிற தனி ஆவர்த்தனம் பூரா ஒரே இரைச்சல், சவுண்டுக்காரர் வால்யூமைக் கூட்டக் கூட்ட இன்னும் மோசம்.

இங்க அந்தப் பிரச்சினையே இல்ல, ஏன்னா ஹாலையே மாத்திக்கலாம். 2002ல திறந்தது, உள்ள சத்தம் எப்படிக் கேக்கணும்னு (அக்கூஸ்டிக்ஸ்) வடிவமைச்சவர் ரஸ்ஸல் ஜான்சன். மேடைக்கு மேல தொங்குற விதானத்தை ஏத்தி இறக்கலாம். மேல் மாடிங்களைச் சுத்தி 9,500 கன மீட்டர் காலி இடம், அதுக்கு 84 கான்கிரீட் கதவு, ஒவ்வொண்ணும் 3 டன்ல இருந்து 11 டன் வரைக்கும். தொறந்தா சத்தம் உள்ள போய்ச் சுத்திட்டு நிதானமா திரும்பி வரும், மூடினா சீக்கிரம் அடங்கிடும், சத்தத்தை உறிஞ்சுற திரையும் இறக்கினா இன்னும் கம்மி.

வீணை அன்னைக்கு கதவை மூடித் திரையையும் இறக்கியிருப்பாங்க போல. ஒரே ஒரு மீட்டு, அப்புறம் இடது கை தந்தியை இழுத்து இழுத்து சுரத்தை அசைச்சு கமகம் கொடுக்குது, நாதம் தேஞ்சு தேஞ்சு போற கடைசி இழை வரைக்கும் மேல் மாடி வரிசை சர்க்கிள் 2ல இருந்த எனக்குக் கேட்டுச்சு. பக்கத்து சீட் அம்மா வளையல் குலுங்கக் கூடாதுன்னு அதை இன்னொரு கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே தாளம் போட்டாங்க. மிருதங்கத் தனியில ஒவ்வொரு சொல்லும் தனித்தனியா வந்து விழுந்துச்சு, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

சர்க்கிள் 2 நடு சீட் கிடைச்சா விடாதீங்க. அடுத்து அந்த ஹால்ல இருக்குற பைப் ஆர்கன் (குழாய்ல காத்தை விட்டு வாசிக்கிற பெரிய கருவி) வாசிக்கிற நாளுக்கு டிக்கெட் எடுக்கப் போறேன், மொத்தம் 4,740 குழாயாம், அந்தக் கதவெல்லாம் தொறந்திருக்கும்போது அது எப்படிக் கேக்குதுன்னு பாக்கணும்.