தாமான் ஏரியில் ஆகாயத்தாமரை: மருந்தா, வாரியா?

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறிப் பல வருடமாகியும் எங்கள் வாயில் பத்தாங் பெர்ஜுந்தைதான் வருகிறது. தோட்டத்து நிலத்தில் தாமான் என்னும் வீடமைப்புக் குடியிருப்பு எழும்பியபோது பள்ளத்தில் கிடந்த குட்டையை ஏரியாக்கி, சுற்றி நடைபாதையும் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு ஏக்கர் இருக்கும். நாலே வருடத்தில் ஆகாயத்தாமரை என்ற மிதக்கும் களைச்செடி மூடி, தண்ணீர் எங்கே என்று தேட வேண்டியதாகிவிட்டது. குடியிருப்பாளர் சங்கத்தில் செயலாளர் என்று மாட்டிக்கொண்டவன் நான். களைக்கொல்லி மருந்தும் அடித்துப் பார்த்தோம், கையாலும் வாரிப் பார்த்தோம். இப்போது நான் வாரியின் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மருந்தின் வசதி தெரிந்ததுதான். முதுகுப் பம்போடு இரண்டு பேர், ஒரு காலைப் பொழுது, வேலை முடிந்தது. வாருவதற்கு ஆள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வேண்டும், நல்ல இடுப்பும் வேண்டும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மருந்தடிப்பு புதிதல்ல. பராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியாவில் 2002-இல் தடை செய்வதாகச் சொல்லி, 2006-இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. அதுவரை அதைச் சுமந்து அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். எங்கள் ஏரிக்கு வந்த ஆள் கொண்டுவந்தது கிளைபோசேட் என்ற வேறொரு களைக்கொல்லி. இலையில் பட்டால் வேர் வரை இறங்கும், மிதக்கும் செடியைக் கொல்லும். ஆனால் இலையில் ஒட்டுவதற்காகச் சில வகைகளில் சேர்க்கும் சவர்க்காரம் போன்ற பொருள் மீனுக்கும் தவளைக் குஞ்சுக்கும் ஆகாது. தண்ணீரில் அடிப்பதற்கென்றே தனி வகை உண்டு. புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் யாரும் படிக்கவில்லை. அது எங்கள் தப்புதான்.

முதல் வாரம் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் இலைகள் மஞ்சளாகி, பழுப்பாகி, அப்படியே படுத்துவிட்டன. சங்கத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். அதற்கும் அடுத்த வாரம் விடியற்காலையில் நடக்கப் போனவர் போன் செய்தார். போய்ப் பார்த்தால் கரையோரம் திலாப்பியா எல்லாம் வாயை மேலே நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மத்தியானத்துக்குள் வெள்ளை வயிறு தெரிய மிதக்க ஆரம்பித்தன. விரால் மட்டும் தப்பித்தது. அது மேலே வந்து காற்றையே மூச்சு வாங்கும்.

எதிர்வீட்டு அக்கா அந்தக் காலத்தில் தோட்டத்தில் மருந்தடித்தவர். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "செத்த செடியை எங்க கொண்டு போனீங்க தம்பி?"

எங்கேயும் கொண்டு போகவில்லை. எனக்கு எல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒரே நாளில் ஏரி முழுக்கச் செடியைக் கொன்றால் அத்தனையும் தண்ணீருக்குள்ளேயே அழுகும். அழுகல் ஆக்சிஜனைத் தின்னும், அதிலும் விடியும் நேரத்தில்தான் ஆக்சிஜன் ஆகக் குறைவாக இருக்கும். இதற்காகத்தான் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் அடித்து, இரண்டு வாரம் விட்டு அடுத்த பங்குக்குப் போகச் சொல்கிறார்கள். சரி, அப்படி அடித்தால் மீன் பிழைக்கும். ஆனால் செம்பனை உரமும் சாக்கடையும் சேர்த்துவைத்த சத்து என்னாகும்? செடிக்குள் இருந்தது சேற்றுக்குப் போகும், சேற்றிலிருந்து அடுத்த செடிக்குப் போகும். விதை சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும். வெயிலும் சத்தும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் செடி இரட்டிப்பாகிவிடும். எங்கள் ஏரி மூன்று மாதத்தில் மறுபடி பச்சை.

வாரும்போது செடியோடு அந்தச் சத்தும் வெளியே வருகிறது. மூங்கில் கழியில் இரும்பு வாரியைக் கட்டி இழுப்போம். முதல் நாள் வாரியதை உடனே லாரியில் ஏற்றினோம், சுத்த முட்டாள்தனம். இந்தச் செடியில் நூறு கிலோவுக்குத் தொண்ணூறு கிலோவுக்கு மேல் தண்ணீர். இப்போது கரையில் மூன்று நாள் காயவிட்டு, சுருங்கிய பிறகு வாழைக்கு அடியில் போடுகிறோம். தண்ணீர் உள்ளே வரும் கால்வாய் வாயில் கயிற்றில் காலி எண்ணெய்ப் புட்டிகளைக் கட்டி, மேலிருந்து வரும் செடியை அங்கேயே தடுக்கிறோம். மாதம் இரண்டு ஞாயிறு போதும். விட்டால் மட்டும் கதை கெட்டது. தீபாவளி மாதம் ஒருவரும் வரவில்லை, அந்த ஒரு மாதத்தின் கடனை அடைக்கத் தை வரை ஆனது.

இது மிதக்கும் செடிக் கதை. ஹைட்ரில்லா மாதிரி தண்ணீருக்கடியில் வளர்வது என்றால் நான் இவ்வளவு அடித்துப் பேசமாட்டேன். அது ஒடிந்த துண்டிலிருந்தே முளைக்கும், வாரினால் பரப்பியதாகக்கூட ஆகும். அதற்குக் கிளைபோசேட்டும் உதவாது. புல்கெண்டை மீனை விடலாம் என்பார்கள், அது மெல்லிய நீரடிச் செடியை விரும்பித் தின்னும். நாங்கள் விட்டுப் பார்த்ததில்லை. ஏரி இருபது ஏக்கர் என்றால் வாரியோடு யார் நிற்பது? அங்கே உரிமம் உள்ள ஆளை வைத்து, தண்ணீருக்கான மருந்தைப் பங்கு பங்காக அடிப்பதை நான் எதிர்க்கமாட்டேன். செத்ததை வாரி எடுக்கவும் அதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.