கூடலூர் மலைக்கு ஏஐ எக்ஸ்ரே: கருவிக்கு ஓகே, ஸ்கோருக்கு உஷார்

கையில் தூக்கிப் போகும் எக்ஸ்ரே, கூடவே மடிக்கணினியில் ஏஐ மென்பொருள். காசநோய் முகாமுக்கென்று இந்த ஜோடியை இப்போது பல நிறுவனங்கள் விற்கின்றன. நீலகிரியின் கூடலூர், பந்தலூர் எஸ்டேட் லைன்களுக்கும் பழங்குடி ஊர்களுக்கும் கருவி கச்சிதம். மென்பொருளைத்தான் சோதிக்காமல் வாங்கக் கூடாது.

படத்தில் காசநோய் அறிகுறி எவ்வளவு தெரிகிறது என்று சொல்லும் ஸ்கோர், படம் எடுத்த ஓரிரு நிமிடத்தில் வந்துவிடுகிறது. ரேடியாலஜிஸ்ட் இல்லாத ஊரில் இது பெரிய விஷயம். 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். கழுத்துக் கட்டியாக வரும் காசநோயும் இதில் சிக்காது.

"90 சதவீதம் பிடித்துவிடும்" என்பார் விற்பவர். நோயில்லாதவரை எவ்வளவு சரியாக ஒதுக்கும் என்று கேளுங்கள். 70 சதவீதம் என்றால் கணக்கு இப்படி: 1,000 பேரில் 10 பேருக்கு நோய் இருந்தால் 9 பேர் சிக்குவார்கள், கூடவே நோயில்லாத 297 பேரும். ஆக 306 பேரின் சளியை ட்ரூநாட் என்னும் மரபணுச் சோதனைக் கருவியில் போட வேண்டும். அதற்கு வேண்டிய சிப் அவ்வளவு கையில் இல்லையென்றால் கட்-ஆஃப்பை, அதாவது எந்த ஸ்கோருக்கு மேல் சளி எடுப்பது என்ற எல்லையை, ஏற்றத் தோன்றும். ஏற்றினால் நோயாளி நழுவுவார். ஆகவே கட்-ஆஃப்பை நிறுவனம் சொல்லும் எண்ணில் விடாமல், நம் ஊர்ப் படங்களை வைத்து நாமே முடிவு செய்ய வேண்டும்.

அதற்குச் சளி முடிவு தெரிந்த பழைய படங்களைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். முன்பு காசநோய் வந்து குணமானவர்களைத் தனியாகப் பிரியுங்கள். ஆறிய தழும்புக்கும் ஸ்கோர் எகிறும். முகாமில் ஸ்கோர் குறைந்தவர்களிலும் சிலருக்குச் சளி எடுக்க வேண்டும். அதிக ஸ்கோர்காரர்களை மட்டும் சோதித்துவிட்டு "ஒருவரையும் விடவில்லை" என்று நீட்டும் அறிக்கையை ஓரமாக வையுங்கள். விட்டதைத் தேடவே இல்லையே!

படம் கெட்டால் ஸ்கோரும் கெடும். காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில்தான் உட்காரும். பின்னிய சடையின் நிழலும் சரியாக அங்கேதான் விழும். கூந்தலை உச்சியில் கொண்டை போடச் சொல்லி, பாசிமணியைக் கழற்றிவிட்டு எடுங்கள். தாலியைக் கழற்றச் சொன்னால் பாதிப் பேர் வரிசையை விட்டே போய்விடுவார்கள். மோவாய்க்கு மேலே தூக்கிப் பிடித்தால் போதும். மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்காத படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்துத் தெரியும். வேண்டுமென்றே அப்படி ஒரு படத்தைக் கொடுத்துப் பாருங்கள். "திரும்ப எடு" என்று சொல்லாமல் ஸ்கோரைத் துப்பும் மென்பொருள் முகாமுக்கு ஆகாது.

டவர் கிடைக்காத ஊர்கள் உண்டு, ஆகவே இணையம் இல்லாமல் ஓட வேண்டும். டெமோவை மருத்துவமனை வைஃபையில் பார்க்காமல் எஸ்டேட்டுக்கே வரச் சொல்லுங்கள். எக்ஸ்ரே கருவிக்கு ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) அனுமதிக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

அப்டேட்தான் கடைசிக் கண்ணி. பழைய பதிப்பு தரும் ஸ்கோர் 50-ம் புதிய பதிப்பு தரும் 50-ம் ஒன்றல்ல. பதிப்பு மாறினால் கட்-ஆஃப்பை மறுபடி பார்த்தாக வேண்டும். சொல்லாமல் அப்டேட் செய்ய மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தராதவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.