குதிகால் நாண் வலி: அதிர்வலையா, படிப் பயிற்சியா?

ஆம்பூர் காலணித் தொழிற்சாலைகளில் நாளெல்லாம் நின்று வேலை செய்பவர்களுக்கு, மாதக்கணக்கில் நீடிக்கும் குதிகால் நாண் (கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு இணைக்கும் தடித்த நார்) வலிக்கு, நான் முதலில் படியைத்தான் சொல்வேன். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரு கால்களாலும் எம்பி, வலிக்கும் காலால் மட்டும் குதிகாலை மெல்ல இறக்க வேண்டும். 15 முறை, மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட முறை இது. காசு செலவில்லை, பொறுமைதான் வேண்டும். வலி குதி எலும்பை ஒட்டியிருந்தால் மட்டும் சமதரையிலேயே செய்யுங்கள்.

அதிர்வலைக்கு, அதாவது வலிக்கும் இடத்தில் கருவியால் அழுத்த அலைகளைச் செலுத்தும் சிகிச்சைக்கு, வாரம் ஒருமுறை வேலூருக்குப் பஸ் ஏற வேண்டும், கூலியும் போகும். சில நிமிட வேலைதான், சுருக்கென்று வலிக்கும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. பயிற்சி மட்டும் பலிக்காதபோது, அதை நிறுத்தாமல் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.