பாறை விரிசலுக்கு எந்தத் திரவம்: வழுக்குநீரா, குவார் ஜெல்லா?

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் நீரழுத்தத்தால் பாறையைப் பிளக்கும்போது, பிளவு மூடிவிடாதபடி மணலை உள்ளே கொண்டுசேர்ப்பதே திரவத்தின் முக்கிய வேலை. வழுக்குநீர் என்பது பெரும்பாலும் வெறும் நீர்தான். குழாயில் உராய்வைக் குறைக்கச் சிறிதளவு பாலிஅக்ரிலமைடு என்ற செயற்கைப் பாலிமர் சேர்க்கப்படுகிறது. பாகுத்தன்மை மிகக் குறைவு என்பதால் மணல் விரைவில் படிந்துவிடும். அதை வேகமான பாய்ச்சலாலும் நுண்மணலாலும் ஈடுகட்ட வேண்டியிருப்பதால் நீர்ச்செலவு ஏராளம். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டெக்சாஸிலுள்ள பார்னெட் ஷேல் (களிமண் இறுகி உருவான அடுக்குப்பாறை) பகுதியில் வெற்றி கண்டது இம்முறையே.

கொத்தவரை விதையிலிருந்து கிடைக்கும் குவார் பசையை, காரத்தன்மையுள்ள நீரில் போரேட் என்ற போரான் உப்பால் பிணைத்தால், கரண்டியில் அள்ளினால் நாக்குப்போல் தொங்கும் கெட்டியான ஜெல் உருவாகிறது. இது பருமணலையும் சுமந்து சென்று அகலமான பிளவை உண்டாக்கும். சிக்கல் அதன் பிறகுதான்: மணலைச் சேர்த்தபின் அமோனியம் பெர்சல்ஃபேட் என்ற வேதிப்பொருள் அல்லது நொதியைக் கொண்டு ஜெல்லைச் சிதைத்தாலும், கரையாத எச்சம் மணல் இடுக்குகளை அடைத்து உற்பத்தியைக் குறைக்கக்கூடும்.

இறுக்கமான, நொறுங்கும் ஷேல் பாறைக்கு வழுக்குநீரையே பரிந்துரைப்பேன். ஊடுருவுதிறன் மிகுந்த மணற்கல்லில் அகலமான பிளவு தேவைப்படுவதோடு மெல்லிய நீர் பாறைக்குள் கசிந்தும் வீணாகும் என்பதால், அங்கே எச்சத்தைப் பொறுத்துக்கொண்டு ஜெல்லைத் தேர்வதே சரி.