எட்டு மணித் தொலைபேசியா, இணையப் படிவமா? இங்கிலாந்தில் ஜீ.பீ.யை நேரில் காண்பதற்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

2021 ஜூலை 19ஆம் திகதி இங்கிலாந்தில் கொரோனாக் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை நீங்கின. இரவு விடுதிகள் அன்று நள்ளிரவிலேயே திறந்தன. கலியாணத்துக்கு எத்தனை பேரை அழைக்கலாம் என்ற எல்லையும் எடுபட்டது. ஆனால் பல ஜீ.பீ. சர்ஜரிகளின் (குடும்ப வைத்தியர் நிலையங்களின்) வாசலில் இன்டர்கொம் பொத்தானும், "முதலில் தொலைபேசியில் பேசுங்கள்" என்ற அறிவிப்பும், உள்ளே ஒன்றுவிட்டு ஒன்று நாடா ஒட்டப்பட்ட நாற்காலிகளும் அப்படியே இருந்தன. மருத்துவ இடங்களுக்கு மட்டும் முகக்கவசமும் இடைவெளியும் தொடர வேண்டும் என்று விதி இருந்ததால் இதில் ஓரளவு நியாயமும் இருந்தது. நாடு திறந்துவிட்டது, என் டொக்டரின் கதவு மட்டும் ஏன் திறக்கவில்லை என்று நோயாளி கேட்டதிலும் நியாயம் இருந்தது.

தொற்றுக்கு முன்பு ஜீ.பீ. சந்திப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதம் நேரில் நடந்தவை. 2020 ஏப்ரலில் அது பாதிக்கும் கீழே போனது. 2021 ஓகஸ்டில், கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகும், 58 சதவீதமளவில்தான் நின்றது. வைத்தியர்கள் வேலை செய்யவில்லை என்று அப்போது சில நாளிதழ்கள் எழுதியது தவறு. தொலைபேசி அழைப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தச் சந்திப்புகள் அந்த இலையுதிர்காலத்தில் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தன. மேலிடத்து உத்தரவுகளும் ஒன்றுக்கொன்று முரணாகவே வந்தன. அவசியமான மருத்துவக் காரணம் இல்லாவிட்டால் எல்லா ஆலோசனைகளும் தொலைவழியிலேயே நடக்க வேண்டும் என்று 2020 ஜூலை இறுதியில் சுகாதார அமைச்சர் மெட் ஹன்கொக் பேசினார். 2021 மே மாதத்தில், நேரில் பார்க்க விரும்புவோரின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று அரசு சுகாதார சேவையான என்.எச்.எஸ். நிர்வாகம் சர்ஜரிகளுக்குக் கடிதம் அனுப்பியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அடுத்த அமைச்சர் சஜித் ஜாவித் 250 மில்லியன் பவுண் நிதியுடன் ஒரு திட்டத்தை அறிவிக்க, வைத்தியர் சங்கமான பி.எம்.ஏ. அதை ஏற்க மறுத்தது.

இந்தச் சண்டை ஓய்ந்தபின் எஞ்சியது ஒரு நிரந்தர மாற்றம். நேரில் பார்ப்பதா, தொலைபேசியில் பேசுவதா, வேறொருவரிடம் அனுப்புவதா என்பதை முன்பு பெரும்பாலும் நோயாளியே தீர்மானித்தார். இப்போது வேறொருவர் நமது தேவையைத் தரம் பிரித்த பின்னரே அது தீர்மானமாகிறது. எனவே எந்த வழி விரைவானது என்று மட்டும் பார்த்தால் போதாது. நம்மைத் தரம் பிரிப்பவர் யார், அவர் எதை வைத்துப் பிரிக்கிறார், முடிவில் நம் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் ஒரு வைத்தியரிடம் அந்த வழி கொண்டுபோய்ச் சேர்க்கிறதா என்று பார்க்க வேண்டும். லண்டனின் ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் ஆங்கிலம் அதிகம் பேசாத பெற்றோருடன் வாழும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

காலை எட்டு மணித் தொலைபேசி

என்.எச்.எஸ்.ஸுடனான ஒப்பந்தப்படி சர்ஜரிகள் இயங்க வேண்டிய நேரம், அதாவது ஒப்பந்த நேரம், வார நாட்களில் காலை 8 மணி முதல் மாலை 6.30 வரை. அன்றைய இடங்கள் எட்டு மணிக்கு விடப்படுவதால் அந்த ஊரே ஒரே நேரத்தில் ஒரே எண்ணை அழுத்துகிறது. தொலைபேசியில் தொடர்புகொள்வது எளிது என்று சொன்னவர்கள் தேசிய நோயாளர் கருத்துக்கணிப்பில் 2021இல் 68 சதவீதம். 2022இல் அது 53 சதவீதமாகச் சரிந்தது. என்.எச்.எஸ்.ஸின் 2023 மே மாதத் திட்டம் வரிசை எண் சொல்லும், திருப்பி அழைக்கும் வசதியுள்ள தொலைபேசி முறைகளுக்குப் பணம் ஒதுக்கியது. "இன்று முடிந்துவிட்டது, நாளைக் காலை எடுங்கள்" என்று சொல்லி வைப்பதும் அந்த ஆண்டு முதல் ஒப்பந்தப்படி கூடாது: முதல் அழைப்பிலேயே தேவையை மதிப்பிட வேண்டும், அல்லது பொருத்தமான வேறிடத்தைச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் இன்னும் பலர் மறுநாள் எட்டு மணிக்கு அலாரம் வைக்கிறார்கள். அடுத்த முறை அப்படிச் சொல்லப்பட்டால், மரியாதை குறையாமல் இந்த விதியை நினைவூட்டலாம்.

தொலைபேசிக்கு ஒரு பெரிய பலம் உண்டு. குழந்தைக்கு இரவெல்லாம் காய்ச்சல், முகம் வாடிக் கிடக்கிறது என்றால், தாயின் குரலிலும் பின்னணியில் கேட்கும் இருமலிலும் உள்ள செய்தியை எந்தப் படிவமும் கொடுக்காது. அன்றே பார்க்கவேண்டிய விஷயத்துக்குத் தொலைபேசிதான் சரி.

முதியவர்களிடம்தான் இது தோற்கிறது. வேலைக்குப் போன மகள் அம்மாவுக்காக அழைத்தால், நோயாளியின் சம்மதம் வேண்டும் என்று ரிசெப்ஷனில் நிறுத்திவிடுவார்கள். அம்மாவே பேசினால், பதினைந்து நாளாகப் படிப்படியாக ஏறிய ஒரு துன்பம் "பெயின், லெக்" என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும். வைத்தியர் காலை ஒன்பதுக்கும் பிற்பகல் ஒன்றுக்கும் இடையே திருப்பி அழைப்பார் என்பார்கள். அந்த அழைப்பு பெரும்பாலும் எண் காட்டாமல் வரும். வங்கி மோசடிக்காரர்களுக்குப் பயந்து, எண் தெரியாத அழைப்பை எடுக்கவே கூடாது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நாம்தான். இதற்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. மகன் அல்லது மகள் தன் சார்பில் பேசலாம் என்ற சம்மதத்தை ஒருமுறை கோப்பில் பதியச் செய்துவிடலாம். மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்கவும் உரிமை உண்டு. கேட்கும்போதே இரட்டை நேரச் சந்திப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும், ஏனெனில் வழக்கமான பத்து நிமிடத்தில் பாதி மொழிபெயர்ப்பிலேயே போய்விடும்.

இணையப் படிவம்

சர்ஜரியின் இணையத்தளத்தில் நோயை எழுதி அனுப்பும் இந்தப் படிவத்தை நம்மவர்கள் பலர் விரும்புவதில்லை. மனுஷரோடு பேசவிடாமல் தள்ளிவைக்கும் தந்திரம் என்றுதான் பார்க்கிறார்கள். என் முடிவு நேர்மாறானது: இன்றே பார்க்க வேண்டியதில்லை, ஆனால் தொட்டுப் பார்த்தே ஆகவேண்டும் என்ற வகை நோய்களுக்கு, நேரடிச் சந்திப்பைப் பெற்றுத்தரக்கூடிய வழிகளில் படிவமே மேல்.

காரணம், அதை எழுத நமக்கு அவகாசம் இருக்கிறது. "கால் வீக்கம், வலி" என்று தொலைபேசியில் சொன்னால் கேட்பவர் எதையும் முடிவுசெய்ய முடியாது. அதையே முதல் நாள் இரவு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டு, இப்படி எழுதலாம்: இரண்டு கணுக்காலும் வீங்கியுள்ளன, தொடங்கி இரண்டு வாரம், பெருவிரலால் அழுத்தினால் குழி விழுந்து சற்று நேரம் நிற்கிறது, மாலையில் செருப்புப் போட முடியவில்லை, சென்ற மாதம் இரத்த அழுத்த மாத்திரையை மாற்றினார்கள், ஆங்கிலம் பேசமாட்டார், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அழுத்திப் பார்க்காமல் இதை மதிப்பிட முடியாது என்பதால் நேரில் பார்க்கக் கேட்கிறோம். இதை வாசிக்கும் வைத்தியர் தொலைபேசிச் சந்திப்புக் கொடுக்க விரும்பினாலும், கொடுத்த பின் மறுபடி நேரிலும் அழைக்க வேண்டியிருக்கும் என்பது அவருக்கே தெரியும். எழுதியது கோப்பிலும் நிற்கும். சொன்னேன், சொல்லவில்லை என்ற வழக்கு வராது. (படுத்தால் மூச்சு முட்டுகிறது என்ற வரியும் சேருமானால் அது படிவத்துக்குரிய விஷயமே அல்ல, அன்றே பார்க்கப்பட வேண்டும்.)

குறைகளும் சிறியவை அல்ல. நெஞ்சுவலி உண்டா என்ற கேள்விக்கு "ஆம்" என்று அழுத்தினால் சில படிவங்கள் அந்த இடத்திலேயே நின்று 111 (மருத்துவ ஆலோசனை) அல்லது 999 (உயிராபத்து) என்ற எண்ணைக் காட்டிவிடும். பத்து வருடப் பழைய தசைவலிக்கும் மாரடைப்புக்கும் அவற்றுக்கு வித்தியாசம் தெரியாது. தோலில் வந்த தடிப்பைப் படம் எடுத்து இணைக்கச் சொல்வார்கள். "சிவந்திருக்கிறதா?" என்ற கேள்வி வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, நம் தோலில் அதே அழற்சி ஊதாவாகவோ கருமையாகவோ தெரியும், மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் தெரியாமலே போகும். ஆகவே பகல் வெளிச்சத்தில் எடுப்பதோடு, தொட்டால் சூடாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா என்பதையும் எழுத்தில் சேர்ப்பது அவசியம்.

இன்னொரு இழப்பு நுட்பமானது. முன்பு பத்து நிமிடம் முடிந்து எழும்பும்போது "இன்னொன்று, டொக்டர்..." என்று நோயாளி தொடங்குவார். மலத்தில் இரத்தம் போவதும், மார்பில் தட்டுப்பட்ட கட்டியும், மனைவி இறந்தபின் தூக்கமே இல்லை என்பதும் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வெளியே வரும். ஒரு படிவத்துக்கு ஒரு பிரச்சினை என்று கேட்கும் முறையில் அந்த வாக்கியத்துக்கு இடமில்லை. அதுவும் மகன் தட்டச்சுச் செய்ய, தாய் பக்கத்திலிருந்து சொல்லும் படிவத்தில், மகனிடம் சொல்ல முடியாதது எப்படியும் வராது. இதற்காகவே படிவம் நேரடிச் சந்திப்பில் முடியவேண்டும் என்கிறேன். படிவத்தோடு முடிந்துவிடக் கூடாது.

நேர விஷயத்தில் நிலைமை அண்மையில் மாறியுள்ளது. முன்பு பல சர்ஜரிகள் காலையிலேயே அன்றைய அளவு நிறைந்துவிட்டது என்று படிவத்தை மூடிவிடும். அதனால் படிவமும் இன்னொரு எட்டு மணி ஓட்டமாகியிருந்தது. 2025 ஒக்டோபர் 1 முதல், அவசரமல்லாத கோரிக்கைகளுக்காக அது ஒப்பந்த நேரம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். வரும் கோரிக்கைகளைச் சமாளிக்கச் சர்ஜரிகளில் ஆள் இல்லை என்று பி.எம்.ஏ. இதையும் எதிர்த்தது, அந்த எதிர்ப்பை வெறும் முரண்டு என்று தள்ளிவிட முடியாது.

படிவத்தில் யாரைப் பார்க்க விருப்பம் என்று கேட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். ஒரே ஜீ.பீ.யிடம் பல ஆண்டுகள் போனவர்களுக்கு அவசர வைத்தியசாலை அனுமதியும் மரணமும் குறைவு என்று நோர்வேயில் நடந்த பெரிய பதிவேட்டு ஆய்வு காட்டியது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கத்தில் அந்தக் குறைவு ஏறக்குறைய கால் பங்கு. மூன்று நாள் கூடுதலாகக் காத்திருந்தாலும், தெரிந்த வைத்தியரிடம் போவது பல நேரம் இலாபம்.

மற்ற வாசல்கள்

மருந்தகம் நேருக்கு நேர் பார்க்கும், முன்பதிவு தேவைப்படாத வழி. 2024 ஜனவரி 31இல் தொடங்கிய பார்மசி ஃபர்ஸ்ட் திட்டத்தில் ஏழு நோய்களுக்கு மருந்தாளரே பார்த்து, தேவையானால் அன்டிபயோட்டிக்கும் கொடுக்கலாம்: தொண்டை நோ, சைனஸ், காதுவலி, பூச்சிக்கடியில் தொற்று, இம்பெட்டிகோ என்ற தோல் தொற்று, அக்கி, பெண்களின் சிறுநீர்த் தொற்று. வயது எல்லையைக் கவனிக்க வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கு 16 முதல் 64 வயதுவரை உள்ள பெண்களையே பார்ப்பார்கள். 70 வயதுத் தாயாரை அழைத்துப்போனால் ஜீ.பீ.யிடமே திருப்பி அனுப்புவார்கள். காதுவலிக்கு 17 வயது வரைதான். இந்த எல்லைக்குள் வருபவர் தொலைபேசியையும் படிவத்தையும் நினைக்கவே வேண்டாம்.

111 எண் இரவு பகல் எந்நேரமும் இலவசம். தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். முதலில் பேசுபவர் வைத்தியர் அல்லர், கணினி காட்டும் கேள்விகளைக் கேட்பவர். சனி இரவில் இது பெரும் துணை. அவசரச் சிகிச்சை நிலையத்தில் நேரம் பதிவுசெய்தும் தரும். வார நாட்களில் "உங்கள் ஜீ.பீ.யுடன் தொடர்புகொள்ளுங்கள்" என்று முடிந்துவிட்டால், விட்டு வந்த வரிசைக்கே திரும்பவேண்டியதுதான்.

தனியார் ஜீ.பீ.யிடம் பணம் கொடுத்தால் அன்றோ மறுநாளோ நேரில் பார்க்கலாம், அவசரப்படுத்தாமல் கேட்பார். ஆனால் செலவு சந்திப்புக் கட்டணத்தோடு நிற்காது: இரத்தப் பரிசோதனைக்குத் தனி, மருந்துக்கு முழு விலை. அவர் எழுதிய மருந்தை என்.எச்.எஸ். சீட்டாக மாற்றிக்கொடுக்க நம் சர்ஜரிக்குக் கட்டாயமில்லை. அவருடைய குறிப்புகளும் நம் கோப்பில் தானாகச் சேராது. ஒருமுறை பார்த்துத் தீரும் நோய்க்கு ஏற்கலாம். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இது பொருந்தாது.

வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு (ஏ அண்ட் ஈ) உயிராபத்துக்கானது. அங்கே வருவோரில் 95 சதவீதத்தினரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்கவேண்டும் என்ற இலக்கு 2015 ஜூலைக்குப் பிறகு நாடளவில் எட்டப்படவில்லை. ஜீ.பீ. கிடைக்கவில்லை என்பதற்காக அங்கே போவோர் கடைசி வரிசையில்தான் உட்காருவார்கள்.

நம்மவர்களுக்கென்றே இன்னொரு வழியும் உண்டு: விடுமுறையில் சென்னைக்கோ கொழும்புக்கோ போய், முழு உடல் பரிசோதனை செய்துகொண்டு வருவது. நேரில் பார்க்கும் வைத்தியர் அங்கே உடனே கிடைக்கிறார், தமிழிலும் பேசுகிறார். தொடர்ந்து பார்ப்பதற்கு மட்டும் அவர் இல்லை. கொண்டுவரும் அறிக்கையை இங்கே பயன்படுத்தவும் ஒரு சிறு வேலை இருக்கிறது. அங்கே எச்.பி.ஏ1சி (நீரிழிவைக் காட்டும் சராசரி இரத்தச் சர்க்கரை) அளவு சதவீதத்தில் இருக்கும், இங்கே வேறு அலகில். அங்கே 7 என்பது இங்கே 53. அந்தத் தாளை முழுக் கட்டாகக் கையில் வைத்துக்கொண்டு சர்ஜரி வாசலில் நிற்பதைவிட, எல்லை தாண்டியுள்ள ஓரிரு எண்களை மட்டும் எழுதி, அந்தப் பக்கத்தின் படத்தைப் படிவத்தோடு இணைத்து அனுப்பினால், மறுபரிசோதனைக்கான இரத்தமெடுப்பும் அதன்பின் நேரடிச் சந்திப்பும் கிடைக்க வாய்ப்பு அதிகம்.